மனுக்காக் கோல்

என் அயாந்துவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் வெண்ணெய் கிடைக்கிறதா? எங்கே போனாலும் நீ முதலில் விசாரிப்பது அதைத்தானே. இங்கே நான் இன்னமும் கிழமைக்கு இரண்டு பெட்டி வாங்குகிறேன். ஒன்று வீட்டுச் சமையலுக்கு. மற்றது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கு, இந்த வருஷம் நம்மை விட்டுப் போனவர்களில் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன். மலருக்குப் பொறுப்பானவர் கொஞ்சம் தயங்கினார். "அவ தமிழ் ஆள் இல்லையே, அம்மா" என்றார். "தமிழ் ஆள் இல்லைத்தான். என்ரை சகோதரி" என்றேன். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பேனையைத் திறந்த பிறகு யோசித்தேன். உன்னைப் பற்றி ஊருக்கு எழுதுவானேன்? உனக்கே எழுதினால் என்ன? மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், சொல்லில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும். நீ எத்தியோப்பியாவில் ஓரோமோ சனத்தில் பிறந்தவள். கணவரைச் சிறையிலும் இரண்டு ஆண் பிள்ளைகளைச் சண்டையிலும் இழந்து, மிச்சமிருந்த ஒரே மகள் லென்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு சூடானுக்கு நடந்தவள். அங்கே முகாமில் பல வருஷம். பிறகு இங்கே, ஆக்லாந்து நகரம். மவுண்ட் ரொஸ்கிலில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டைத்தான் உனக்குக் கொடுத்தார்கள். நீயும் நானும் கதைத்தது உடைந்த இங்கிலீசில். இங்கே அதையெல்லாம் என் தமிழில் எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. லென்சாவுக்குக் கலியாணம் நடந்துவிட்டது. கோல் அவள் கையில் இருக்கிறது. ஆனால் அது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்த விதத்தைக் கேட்டால் என்னோடு கோபிப்பாய். கோபி. நான் மறைக்கப் போவதில்லை.

தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைகளில் நடந்த இங்கிலீசு வகுப்பு நினைவிருக்கிறதா? முதல் நாள் அந்த வெள்ளைக்கார ரீச்சர் எல்லோரிடமும் வயதைக் கேட்டார். நான் சொன்னேன். நீ தாளை எடுத்துக் காட்டினாய். பிறந்த நாள் தெரியாத எல்லா அகதிகளுக்கும் போடுவதுபோல உனக்கும் வருஷத்தின் முதல் நாளைப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளின்படி நான் உனக்கு மூத்தவள். "தாள் எழுதின ஆள் நான் பிறக்கேக்கை பக்கத்திலை நிண்டவரோ?" என்று கேட்டாய். அன்று தொடங்கிய வழக்கு. உங்கள் வழக்கப்படி கோப்பியின் முதல் கோப்பை மூத்தவளுக்கு. அந்த முதல் கோப்பைக்காக நாங்கள் இரண்டு கிழவிகளும் எத்தனை நாள் சண்டை பிடித்தோம்.

அதே வகுப்பில்தான் எத்தனையாம் வகுப்பு வரை படித்தோம் என்ற கேள்வியும் வந்தது. நான் தலையை நிமிர்த்தி "அஞ்சு" என்றேன். நீ "பள்ளிக்கூடம் இல்லை" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அது ஒரு கிழமைதான் நிலைத்தது. அடுத்த புதன்கிழமை குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார் ரீச்சர். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான் அவர் கேட்டது. நீ எழும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாய். தகப்பன், தகப்பனின் தகப்பன், அவருக்குத் தகப்பன் என்று பதின்மூன்று பெயர். ரீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்தது என் முறை. தகப்பன் பெயர் சொன்னேன். பாட்டன் பெயர் சொன்னேன். அதற்கு மேல், "அவரும் நல்ல மனிதர்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது நீ ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாய். "அஞ்சாம் வகுப்பிலை உங்களுக்கு என்னதான் படிப்பிச்சவை?"

எனக்கு இரண்டு நாள் உன்னோடு கதையில்லை. மூன்றாம் நாள் நீ வேலிச் செடியின் இடைவெளியால் ஒரு சின்னச் சட்டியை நீட்டினாய். முழுக் கோப்பிக் கொட்டைகளை வெண்ணெயில் பொரித்து வைத்திருந்தாய். மென்று பார்த்தேன். கசப்பும் உப்பும் நெய்யும் கலந்து நாக்கில் நின்றது. அப்போதுதான் சொன்னாய், உங்கள் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க விடவில்லை, எழுத விடவில்லை, அதனால் உங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டார்கள் என்று. "பறிக்கிறதெண்டால் தலையோடைதான் பறிக்கவேணும்" என்றாய். நான் இன்னும் ஒரு கொட்டை எடுத்தேன்.

கோலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சீங்கே என்று அதற்குப் பெயர். தோள் உயரம், விரல் தடிப்பு, அம்புபோல் நேர். உங்கள் பெண்களுக்குக் கலியாணத்தன்று தாய் தன் கையால் கொடுப்பது. எங்களுக்குத் தாலிபோல என்று முதலில் நினைத்தேன். நீ இல்லை என்றாய். தாலி கட்டினவனைச் சொல்லும். கோல், பெற்ற தாயைச் சொல்லும். கோல் பிடித்த பெண்ணை ஒருவரும் மறிக்கக்கூடாது. சண்டைக்கு நடுவே அவள் போய் நின்றால் சண்டை நிற்க வேண்டும்.

மரம், விதை, மண் ஒன்றையும் லேசில் உள்ளே விடாத நாடு இது. என் முருங்கை விதையை விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டபோது நான் அழுதுவிட்டு வந்துவிட்டேன். உன் கோலைக் கேட்டபோது நீ நிலத்தில் உட்கார்ந்துவிட்டாயாம். திருப்பித் தருவோம் என்று எழுதித் தந்தால்தான் எழும்புவேன் என்று. மருந்துப் புகை போட்டுச் சில கிழமைகளில் திருப்பித் தந்தார்கள். அந்த மருந்து மணம் போக ஒரு மாதம் வெண்ணெய் பூசினாய். "இந்த நாட்டிலை எங்கட மலை இல்லை, எங்கட சனம் இல்லை. ஆனால் வெண்ணெய் இருக்கு. வாழலாம்" என்று சொன்னது நீதான்.

அந்தக் கோலின் வேலையை ஒருநாள் என் வீட்டு முற்றத்திலேயே பார்த்தேன். மருமகள் வசந்தி கார் பழகி, நகரத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்றாள். மகனுக்கு அது பிடிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று அவன் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. நீ வேலியால் வந்தாய், கோலோடு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாய். ஒரு சொல் சொல்லவில்லை.

"அன்ரி, இது எங்கட வீட்டுக் கதை" என்றான் மகன்.

நீ அசையவில்லை.

"அம்மா, இவவைப் போகச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. என்ன நடக்கிறது பார்ப்போம் என்றுதான் பேசாமல் இருந்தேன். அவன் சிரித்தான், பிறகு உள்ளே போய்விட்டான். "சிரிக்கிறான், பார்" என்றேன் உன்னிடம். "சிரிக்கட்டும். குரல் நிண்டிட்டுதெல்லோ" என்றாய். அடுத்த சனிக்கிழமை அவனே அவளுக்குக் கார் பழக்கினான். கோலாலா, வெட்கத்தாலா? இன்றைக்கும் தெரியாது. வசந்தி இப்போது நகரத்தில் வங்கியில் வேலை செய்கிறாள். காலையில் காரை எடுக்கும்போதெல்லாம் உன் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்ப்பாள்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. டொக்டர் சொன்னது வருஷக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு என்று லென்சா என் குசினியில் வந்து சொன்னாள். அவளுக்கும் தொலேராவுக்கும் நாள் குறித்திருந்த நேரம். தொலேராவும் உங்கள் சனம், புக்கெகோஹியில் ஒரு தோட்டத்தில் வெங்காயம் பொதி செய்கிறவன், அமைதியான பிள்ளை. நீ அழவில்லை. கோலுக்கு மரம் தேடத் தொடங்கினாய்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் புதுக் கோல் வெட்ட வேண்டும். உங்கள் ஊரில் அதற்கென்று ஒரு மரம். அது இந்தத் தீவில் இல்லை. எங்கள் பக்கத்துக் குன்றுக்குப் போகும் வழியெல்லாம் நீ ஒவ்வொரு கொப்பாக வளைத்துப் பார்த்தாய். பக்கத்து வீட்டு வேலியைக்கூட விடவில்லை. கடைசியில் தொலேரா வேலை செய்யும் தோட்டத்தின் எல்லையில் மனுக்கா மரங்களைக் கண்டாய். தோட்டக்கார வெள்ளைக்காரர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தொலேரா சொன்னான். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துவிட்டு, "நல்ல வயிரக் கட்டை. மண்வெட்டிப் பிடிக்கு நாங்களும் இதைத்தான் வெட்டுறது" என்று அவரே கத்தியை எடுத்து வந்தார்.

பட்டையை என் குசினிக் கத்தியால் சீவினாய். அந்தக் கத்தி இன்றுவரை ஒரு வெங்காயம் வெட்டாது. கோப்பி வறுக்கிற புகையில் காட்டினாய். வெண்ணெய் பூசினாய். எழும்பி நிற்க முடியாத நாளிலும் கட்டிலில் இருந்தபடி பூசினாய்.

நான் கேட்டேன். "வேறை மரத்திலை வெட்டினால் அது உங்கட கோல் ஆகுமோ?"

"வேறை நாட்டிலை நிண்டால் நான் ஓரோமோ இல்லையோ? மரம் நேராய் நிண்டால் சரி. குடுக்கிற கை மட்டும் தாய்ன்ரை கையாய் இருக்கவேணும்."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாய். கலியாண நாள் வரை நீ இருக்கமாட்டாய் என்று நம் இருவருக்கும் தெரியும்.

"நான் ஏலாது" என்றேன். என் கணவர் போய்ப் பத்தொன்பது வருஷம். என் ஒரே மகனின் கலியாணத்தில் நான் சமையல் பக்கம் நின்றேன். ஆலாத்தி எடுத்தது என் மச்சாள். ஒருவரும் என்னைத் தள்ளிவிடவில்லை. நானாகவே போய் நின்றேன். எங்கள் வழக்கத்தில் கணவனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வருவதில்லை, வந்தால் அந்தப் பிள்ளைக்குக் கூடாது என்று உனக்கு விளங்கப்படுத்தினேன்.

"கடைக்காரன், பஸ்காரன், டொக்டர், ஒருத்தருக்கும் பயமில்லாத ஆள் நீ. இதுக்கு ஏன் பயம்?"

"எனக்குப் பயமில்லை. லென்சாவுக்கு ஏதும் வந்தால்?"

"என்ரை தாய் எனக்குக் கோல் தரேக்கை அவவுக்கும் புருஷன் இல்லை. எனக்கு என்ன வந்தது?"

"உனக்கு வராதது என்ன, அயாந்து?" என்று கேட்டுவிட்டேன். வாய்க்குள் வந்ததை நிறுத்த முடியவில்லை. கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நீ கோபிக்கவில்லை. "வந்ததுதான். ஆனால் அது கோல் தந்த ஆளாலை வரேல்லை. துவக்கும் குண்டுமாய் வந்த ஆக்களாலை வந்தது" என்றாய்.

கொழும்பில் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தவர்களை நினைத்துப் பார்த்தேன். அந்தத் தெருவில் பொட்டு வைத்தவள் வீடும் எரிந்தது, வைக்காதவள் வீடும் எரிந்தது. அவர்கள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

மூன்றாம் நாள் என்னை உன் வீட்டுக்குக் கூப்பிட்டாய். லென்சாவும் தொலேராவும் இருந்தார்கள். கோப்பி வறுத்து முடிந்திருந்தது. நீ லென்சாவின் கையை எடுத்து என் மடியில் வைத்தாய். என் உச்சியில் ஒரு விரல் வெண்ணெய் தடவினாய். உன் பாஷையில் ஏதோ சொன்னாய். லென்சா மொழிபெயர்த்தாள். "இவளை உனக்குப் பிள்ளையாய்த் தாறன் எண்டு சொல்லுறா. எங்கட வழக்கத்திலை எடுத்து வளர்த்த பிள்ளை எண்டு ஒண்டு இல்லையாம். பிள்ளை எண்டால் பிள்ளைதானாம்."

"இருபத்திநாலு வயசுப் பிள்ளை" என்றாய் நீ என்னிடம். "பால் குடுக்கத் தேவையில்லை. உனக்குச் சுகம்."

கோல் இல்லாதவள் கோல் கொடுக்க முடியாது என்று உன் கோலையும் என் கையில் வைத்தாய். சூடானுக்கு நடந்த கோல். விமான நிலையத்தில் உட்கார்ந்த கோல். நான் ஓம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

நீ போனது குளிர் தொடங்கின மாதம். மழைக்குள் உன்னை அடக்கம் செய்தோம். தொலேரா மண் போடும்போது லென்சா உன் பதின்மூன்று பெயரையும் சொன்னாள், ஒன்றும் தவறவில்லை. வீட்டுக்கு வந்து உன் கோலையும் மனுக்காக் கோலையும் என் சாமி அறையில் சார்த்தி வைத்தேன்.

இனித்தான் நீ கோபிக்கிற இடம் வருகிறது.

நீ பக்கத்தில் இருந்தபோது இருந்த தைரியம், நீ போன பிறகு என்னிடம் குறைந்துவிட்டது. விளக்குக் கொளுத்தும்போதெல்லாம் அந்தப் புதுக் கோலைப் பார்ப்பேன். என் கை பட்டு இந்தப் பிள்ளைக்கு ஏதும் வந்தால் உனக்கு என்ன சொல்வது? முதலில் கலியாணத்தைப் பின்போடப் பார்த்தேன். "செத்த வீடு, பிள்ளை. ஆண்டுத் திவசம் முடியட்டும்" என்றேன் லென்சாவிடம். அவள் என்னை நேரே பார்த்து, "அம்மா அப்பிடிச் சொல்லேல்லை, அன்ரி" என்றாள். நாள் மாறவில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. வசந்தி என் மருமகள், சுமங்கலி. அவள் கையால் கொடுத்தால் என் வீட்டிலிருந்து கொடுத்ததாகவும் ஆகும், பிள்ளைக்கும் ஒன்றும் வராது. ஒருவருக்கும் சொல்லாமல் மனதுக்குள் முடிவெடுத்தேன். கெட்டித்தனமான முடிவு என்றுதான் நினைத்தேன். குடுக்கிற கை மாறக்கூடாது என்று நீ சொன்ன ஒரே ஒன்றைத்தான் நான் மாற்றப் போனேன்.

கலியாணம் பள்ளிக்கூட மண்டபத்தில். உங்கள் சனம் தொலேராவின் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தோடு மொத்தம் ஒன்பது பேர். மிச்சம் எங்கள் ஆட்களும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும், அந்தத் தோட்டக்காரரும் மனைவியும். நான் விடியவே மண்டபத்துக் குசினிக்குள் புகுந்துவிட்டேன். சேலைக்கு மேல் ஏப்ரன். வடை ஒரு பக்கம், உங்கள் தட்டை ரொட்டி ஒரு பக்கம். உன் கோலையும் கொண்டு வந்திருந்தேன். ஏன் கொண்டு வந்தேன் என்று கேட்டால் தெரியாது. நிலம் கூட்டுகிற தும்புத்தடிக்குப் பக்கத்தில் சார்த்தி வைத்தேன்.

நேரம் வந்தபோது வெள்ளைத் துணியில் சுற்றிய மனுக்காக் கோலை வசந்தியிடம் நீட்டினேன்.

"மாமி, இது உங்களுக்குச் சொன்ன வேலை."

"நீ போ பிள்ளை. நீ குடுத்தால்தான் நல்லது."

"அவ கேட்டால் என்ன சொல்லுறது?"

"கேக்கமாட்டாள். போ."

உணவு கொடுக்கிற ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வசந்தி போய்த் துணியைப் பிரித்துக் கோலை நீட்டினாள். லென்சா கையை நீட்டவில்லை.

"அக்கா, உங்களிட்டைக் கோல் இருக்கோ?" என்று கேட்டாள். மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

"இல்லை" என்றாள் வசந்தி.

"கோல் இல்லாதவ கோல் தரேலாது. அதோடை நீங்கள் என்ரை தாய் இல்லை."

தொலேரா நிலத்தைப் பார்த்தான். லென்சா, "ஹர்மே" என்று கூப்பிட்டாள்.

உங்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். நீ சாகும்வரை அவள் அப்படி அழைத்தது உன்னைத்தானே. உன்னைத்தான் கூப்பிடுகிறாள், பாவம் பிள்ளை, தாயை நினைக்கிறாள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாம் முறை அழைத்தபோது அவள் குசினி ஜன்னலைப் பார்த்து அழைத்தாள்.

நான் கதவடிக்கு வந்தேன். எங்கள் ஆட்களில் ஒருத்தி, என் நன்மைக்குத்தான், குறுக்கே கையை வைத்தாள். "தெய்வானை அக்கா, நீங்கள் பொறுங்கோ. வேறை ஆரையும் விடுவம்."

அவள் சொன்னது நான் எனக்கே பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்தது. இன்னொரு வாயால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறதென்று தெரிந்தது. அங்கே ஒரு பிள்ளை சபை நடுவில் கையை நீட்டாமல் நிற்கிறாள். இங்கே நான் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். திரும்பிப் போய்த் தும்புத்தடிக்குப் பக்கத்தில் இருந்த உன் கோலை எடுத்தேன். மறுபடி கதவடிக்கு வந்தேன். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டு ஒதுங்கினாள். கோல் பிடித்தவளை மறிக்கக்கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்தேன், ஏப்ரனோடு. வசந்தி ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். மனுக்காக் கோலை என் கையில் தந்தாள். இடது கையில் உன் கோல். வலது கையில் புதுக் கோல். நீ சொல்லித் தந்த வாழ்த்து ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை, அயாந்து. அதனால் என் தமிழிலேயே சொன்னேன். "நல்லாய் இரு, பிள்ளை. ஒருத்தருக்கும் பயப்பிடாதை."

லென்சா இரண்டு கையாலும் வாங்கினாள். தொலேராவின் அண்ணன் மனைவி நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். எங்கள் பக்கத்தில் மட்டக்களப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவர்கள் ஊரிலும் குரவை உண்டு. அவள் இருந்த இடத்திலிருந்தே அதற்கு மறுமொழி போட்டாள். பிறகு மண்டபமே போட்டது. தோட்டக்காரர் தொலேராவின் தோளில் தட்டி, "அது என்ரை மனுக்காவோ?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் தாய்மாமன் சீர் கொண்டு வந்தவர்போல இருந்தது.

எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது லென்சா வந்தாள், கலியாண உடுப்போடு. நான் மன்னிப்புக் கேட்டேன். உன்னைச் சபையில் காத்திருக்க வைத்துவிட்டேன் பிள்ளை என்றேன். அவள் ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஹர்மே எனக்கு முதலே சொன்னவ. தெய்வானை ஓம் எண்டு சொல்லுவா, ஆனால் அண்டைக்கு ஒளிப்பா. ஒளிச்சால் குசினியிலை பார். பேர் சொல்லிக் கூப்பிடாதை, என்னைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடு, வருவா எண்டவ."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

வீட்டுச் செய்தி இன்னொன்றும் இருக்கிறது. பேத்தி மைதிலி அன்று லென்சாவின் பக்கத்தில் நின்று பார்த்தவள். என்ன கேட்டாலும் இங்கிலீசில்தான் மறுமொழி சொல்கிற பிள்ளை. கலியாணத்துக்கு அடுத்த நாள் என்னிடம் வந்து, "அப்பம்மா, உங்கட அம்மாவுக்கு அம்மா ஆர்? அவவுக்கு அம்மா ஆர்?" என்று தமிழில் கேட்டாள். இரண்டு பெயருக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அன்றே யாழ்ப்பாணத்தில் இருக்கிற பெரியம்மாவின் மகளுக்கு விமானக் கடிதம் எழுதினேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது, நினைவு இன்னும் கத்தி மாதிரி. மறுமொழி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன கிழமை வந்தது. நீ ஆண்களின் பெயரைச் சொன்னாய். நாங்கள் பெண்களின் பெயரைப் பிடித்திருக்கிறோம். மைதிலி பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது சொல்லிக்கொண்டே போகிறாள். தெய்வானை, செல்லம்மா, வள்ளிப்பிள்ளை, காமாட்சி, சின்னாச்சி, பூதாத்தை. ஆறு பெயர். சிரிக்காதே. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு ஆறு கூடத்தான்.

இரண்டாவது பெட்டி வெண்ணெய் எதற்கென்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். சனிக்கிழமைகளில் லென்சா புக்கெகோஹியிலிருந்து தன் கோலோடு வருகிறாள். கோப்பி வறுக்கிறோம். அவள் தன் கோலுக்குப் பூசுகிறாள், நான் உன் கோலுக்குப் பூசுகிறேன். மனுக்கா வெண்ணெயைக் குடித்துக் கறுத்து வருகிறது. உன்னுடையதைப்போல ஆக இன்னும் வருஷம் எடுக்கும். எடுக்கட்டும். தெருமுனையில் பொஹுட்டுகாவா மரம் சிவப்பாய்ப் பூத்துக் கொட்டுகிறது. போன வருஷம் அதற்குக் கீழே நின்று கொப்பை வளைத்துப் பார்த்து, "அழகுதான், ஆனால் கோணல்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இதை வாசிக்கிற எல்லோர் முன்னாலும். லென்சாவுக்கு ஒரு பெண் பிறந்தால், அவள் கோலுக்கு மரம் தேடும் நாளில் நான் இருந்தால் நானும் கூடப் போவேன். இல்லாவிட்டால் மைதிலி போவாள், அவளுக்கு இடம் காட்டி வைத்திருக்கிறேன். மைதிலியின் கலியாணம் எனக்குக் கிடைத்தால், ஆலாத்தித் தட்டில் ஒரு பக்கம் என் கை இருக்கும். வசந்தியிடம் சொல்லிவிட்டேன், மகனிடமும் சொல்லிவிட்டேன். யாராவது குசினிப் பக்கம் என்னைத் தேடினால் நான் அங்கே இருக்கமாட்டேன்.

இனி அந்தப் பழைய வழக்கு. தாளில் என்ன எழுதியிருந்தாலும், நான் எங்கே ஒளிப்பேன், எந்தப் பெயருக்கு வெளியே வருவேன் என்று ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவள் எனக்கு இளையவளாக இருக்க முடியாது. போன சனிக்கிழமை முதல் கோப்பையை ஊற்றி, நீ வழக்கமாய் உட்காரும் கதிரைக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவதைத்தான் நான் குடித்தேன்.

லென்சாவின் தாய்,
உன் தங்கச்சி,
தெய்வானை